தோன் இசிதோரோவுக்கு விழுந்த பொம்மை

— அப்ப இதுல இருந்து தப்பிக்க வழியே இல்லைங்கிறியா ஒதிலியா?

— வழியே இல்ல தோன் இசிதோரோ. மூணு ராஜாக்கள் திருநாள் ரொட்டியில ஒளிச்சு வச்ச பொம்மை யாரு துண்டுல வருதோ, பிப்ரவரி ரெண்டு மெழுகுவத்தித் திருநாளுக்கு அவங்கதான் எல்லாருக்கும் சோளமாவுல தமாலே அவிச்சுப் போடணும். மெக்சிகோக்காரங்க வழக்கம்.

— நான் என்ன மெக்சிகோக்காரனா? போர்த்தோ ரிக்கோக்காரன்மா. ஏதோ பரிசு விழுந்திருக்குன்னு நினைச்சேன்.

— அதான் நாற்காலி மேல ஏறி ஆடினீங்களாக்கும். எங்காளுங்க பொம்மை பல்லுல தட்டுப்பட்டா கன்னத்துல ஒதுக்கிக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருப்பாங்க. என் மச்சான் போன வருஷம் முழுங்கியே போட்டான், தாய் மேரி சாட்சி.

— அவன் உருப்படுவானா. சரி, எத்தனை பேருக்கு?

— ஆறு மாடிக்கும்.

— அடிப்பாவி. நான் நியூயார்க் வந்த புதுசுல இந்த ஆறு மாடியும் எங்காளுங்கதான். படியில கால் வச்சா பூண்டும் கொத்தமல்லியும் வதங்குற வாசனை மூக்கைத் துளைக்கும். இப்ப உங்க வறுத்த மிளகாய் நெடி. தும்மிக்கிட்டே மாடி ஏறுறேன்.

— எல்லாத்தையும் எங்க தலையில கட்டாதீங்க. மூணாவது மாடியில ஈக்வடார்காரங்க. நாலாவதுல புதுசா ஒரு வெனிசுவேலா குடும்பம்.

— ஜனத்தொகை கணக்கெடுக்க வந்த பொண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஸ்பானிஷ் பேசற ஹிஸ்பானிக்னு ஒரே கட்டத்துல போட்டுட்டுப் போயிட்டா. உன் மச்சானும் நானும் ஒரே கட்டமாம். டோமினோக் காய மேசையில ஓங்கி அடிக்க வேணாமா? குழந்தையத் தொட்டில்ல போடற மாதிரி வைக்கிறான்மா அவன்.

— அவன்கூடத்தானே தினமும் விளையாடறீங்க.

— வேற ஆள் ஏது? என் கூட்டத்துல ஒருத்தன் பென்சில்வேனியா போனான், ரெண்டு பேரு ஃப்ளோரிடா போனாங்க, ஒருத்தன் மேலயே போயிட்டான். முக்குக் கடைய எங்காளு தொமினிக்கனுக்கு வித்தான், அவன் உங்காளுக்கு வித்தான், இப்ப ஏமன்காரன் கல்லாவுல உக்காந்திருக்கான். நம்ம ரெண்டு பேரையும் விட அவன் நல்லா ஸ்பானிஷ் பேசறான்.

— பேச்ச மாத்தாதீங்க. தமாலே என்னாச்சு?

— சொல்றேன் கேளு. மாசக் கடைசியில ஒர்லாந்தோ போறேன். மகன் கூப்பிட்டுட்டான். திருநாளுக்கு நான் இங்க இருக்க மாட்டேன்.

— ஒரேயடியாவா?

— ஒரேயடியா. அங்க தெரு முழுக்க எங்காளுங்களாம். "உனக்கு நியூயார்க்ல என்னப்பா வேலை இருக்கு? ஒரே ஒரு வேலை சொல்லு, விட்டுடறேன்"னான். சரி வர்றேன்னுட்டேன்.

— என்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லல நீங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. உங்க சத்தம் இல்லாம இந்தக் கட்டடத்த நினைச்சே பார்க்க முடியல.

— எப்பவும் சத்தம் போடாதேன்னு சுவத்தத் தட்டுறவளே நீதான்.

— அது வேற. சரி, பொம்மையக் குடுங்க. நானே அவிச்சுப் போட்டுக்கறேன்.

— பொறும்மா. சோளத் தோகையிலதான் கட்டணுமா? நாங்க கிறிஸ்துமஸுக்கு அவிக்கிறத வாழையிலையில கட்டுவோம். அப்படிக் கட்டினா ஒத்துக்குவாங்களா?

— ஊரை விட்டுப் போற ஆளுக்கு இலையப் பத்தி என்ன கவலை? குடுங்க. கைய ஏன் இறுக்கி மூடிக்கிறீங்க?

— பன்னிக்கறி போடலாமா, கோழியா?

— தோன் இசிதோரோ, விடுங்க. வழக்கம் தெரியாம மாட்டிக்கிட்டீங்க, உங்கள யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

— தெரியாமயா? இருபது வருஷமா உங்களுக்கு நடுவுல இருக்கேன், எனக்கா தெரியாது? நீ ரொட்டிய வெட்டினப்பவே அந்தத் துண்டுல பொம்மையோட கால் வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. உன் மச்சான்தான் எடுக்கப் போனான், அவன் கையத் தட்டிவிட்டுட்டு நான் எடுத்தேன். மகன் ஒரே ஒரு வேலை கேட்டான்ல?