இரண்டாம் இடத்துக்காரன்

ஐயா, நீங்கள் இதைச் சிங்களத்தில் எழுத வேண்டுமே, அதனால் மெதுவாகவே சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் கிஷாந்த். வட்டகொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் நாலாவது காம்பராதான் எங்கள் வீடு. அண்ணன் நிரோஷனும் நானும் ஒரே டிவியில் வீடியோ கேம் கால்பந்து விளையாடிப் பழகியவர்கள். பந்தை எந்தப் பக்கம் தள்ளுவான் என்பது அவன் விரல் அசைவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த கேமுக்குக் கொழும்பில் நடந்த தேர்வுப் போட்டியில் கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும்தான். கூடுதல் நேரத்தில் ஒரு கோல். அவன் முதலாம் இடம், நான் இரண்டாம் இடம். பேங்கொக்கில் நடக்கும் உலகப் போட்டிக்கு முதலாவதாக வந்தவன் போவான். அவனால் முடியாமல் போனால் அடுத்தவன். அதனால் இருவரையும் பாஸ்போர்ட் எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

அதைத் தினமும் எடுத்துப் பார்ப்பேன். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அண்ணன்மேல் எனக்குப் பாசம் உண்டு. ஏதாவது ஒரு காரணத்தால் அவன் தங்கிவிட்டால் போதும், அவ்வளவுதான்.

அண்ணன் அம்மா பிள்ளை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாலே வேலைக்குப் போகமாட்டான். அம்மா நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் விமானம் ஏறமாட்டான்.

ஏழாம் நம்பர் மலையில், அம்மா கொழுந்து பறிக்கும் இடத்துக்கு மேலே, ஒரு மரத்தில் குளவிக்கூடு இருந்தது. அந்தப் பக்கம் யாரும் சத்தம் போடக்கூடாது என்று கங்காணி செல்லசாமி சொல்லியிருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. விமானம் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனது நான்தான்.

"பெரியவன் பெட்டி கட்டிட்டானா?" என்று கேட்டார்.

"கட்டிக்கிட்டு இருக்கான்."

"நீ மொகத்தத் தூக்கி வச்சுக்காத. அடுத்த தடவ நீ போவ."

குடித்துவிட்டுப் போத்தலை மூடிக் கொடுத்தார். நான் மேலே ரோட்டுக்கு ஏறி மூன்று கல் எறிந்தேன். முதல் இரண்டும் படவில்லை.

நாலைந்து குளவி கொட்டும் என்றுதான் நினைத்தேன். கூடு முழுக்க இறங்கிவிட்டது. மற்றப் பெண்கள் ஓடிவிட்டார்கள். அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணி தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டு ஓடியவர் மழைத்தண்ணிக் கானுக்குள் விழுந்தார். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் ரோட்டிலேயே நின்றேன். என்னால் என்ன செய்ய முடியும்? இறங்கிப் போயிருந்தால் என்னையும் கொட்டியிருக்கும். கையில் கொட்டினால் விரல் வீங்கிவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், தோட்டத்து லொறியிலேயே அம்மா போய்விட்டார்.

கழுகு கூட்டைக் கலைத்துவிட்டது என்று முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு, பெண்களை அந்த மலைக்கு அனுப்பினவர் என்று கங்காணிமேல் பாய்ந்தார்கள். கடைசியில் நீங்களும் வந்து அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனீர்கள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நா போகல. தம்பி போகட்டும்" என்றான். ஐயா, பொய் சொல்லமாட்டேன், அந்த நிமிடம்தான் எனக்கு நல்ல மூச்சு வந்தது.

அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆத்தாளுக்கு எளையவன்தான் கொள்ளி வைக்கணும். பதினாறு முடியிற வரைக்கும் அவன் தோட்டத்த விட்டு நகரக்கூடாது. நீ போ. அவ ஆசப்பட்டதும் அதத்தான்."

எல்லோரும் சரி என்றார்கள். எனக்கு மொட்டை அடித்தார்கள். கொள்ளிக்குடத்தை என் தோளில் வைத்தார்கள். சுற்றி நடக்கும்போது, விமானம் எத்தனை மணிக்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் முதல் ஆட்டத்திலேயே மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றான். போனில் பார்த்தேன். இடது பக்கம் திறந்தே கிடந்தது. அவன் கண்ணில் படவில்லை. நான் காம்பராவில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

செல்லசாமி கங்காணியை விட்டுவிடுங்கள், ஐயா. கல் எறிந்தது நான். அம்மா சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று அப்பா பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒரு கூடு இருந்தது. அப்பாவுக்கு என்றால் மூத்தவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அது எனக்கு முன்பே தோன்றாமல் போய்விட்டது.