என்றி ராசனின் கதிரை

பெயர்: சூசை பஸ்ரியன். வயது: 46. தொழில்: மீன்பிடி. முகவரி: கோயில் வீதி, தாழ்வுபாடு, மன்னார். 2011 ஆவணி 21ஆம் திகதி முற்பகல் 10.40க்குப் பொலிஸ் நிலையத்தில் கூறியது:

நான் மேற்படி முகவரியில் மனைவி றஞ்சிதத்துடன் வசிக்கிறேன். 2006இல் வன்னியில் மனைவியின் ஊரான வெள்ளாங்குளத்துக்குப் போய், யுத்தத்தில் அகப்பட்டு, செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010 தை மாதம் திரும்பி வந்து குடியேறினேன். போவதற்கு முன் எங்கள் கோயில் திருநாளில் ஆடும் என்றி ராசன் கூத்தில் பதினொரு வருடம் ராசா வேசம் கட்டினவன் நான். எனக்கு முன் என் தகப்பனார். வேசக்காரர் உயிரோடு இருக்கும்வரை அவரைக் கேளாமல் வேசத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஆனால் நான் வன்னியில் செத்துவிட்டேன் என்று யாரோ சொன்னதை நம்பி, எனக்கு ஆத்ம இளைப்பாற்றிப் பூசையும் ஒப்புக்கொடுத்து, வேசத்தை 29 வயதான மில்ரனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் உயிரோடு வந்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அந்தோனிமுத்துவிடம் வேசத்தைத் திருப்பிக் கேட்டேன். கொடுத்ததைப் பறிக்க முடியாது என்று சொல்லி அவர் எனக்கு யோர்க் பிரபு வேசத்துக்கான பாட்டுக் கொப்பியைத் தந்தார். யோர்க் பிரபு இங்கிலாந்து ராச குடும்பத்தில் மூத்த வழி. ஆட்சி தன்னுடையது என்று சபைக்கு வந்து சிம்மாசனத்தில் கை வைப்பார். ஒருவரும் வாழ்த்தமாட்டார்கள். கையை எடுத்துவிட வேண்டும். பிறகு போரில் அவரை வெட்டித் தலையில் கடதாசி முடி சூட்டுவார்கள். ராசாவின் முடி தகரத்தில் கண்ணாடி பதித்தது. அதைச் செய்தது என் தகப்பனார்.

ஒத்திகை இரண்டு மாதம் நடந்தது. மில்ரன் பாடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஒரு நாள் மனைவி சோறு போட்டபடி, “அவன் உங்களைவிட நல்லாப் பாடுறான்” என்றார். அன்று நான் சாப்பிடவில்லை.

நேற்று, இரவில் கூட்டம் கூட அனுமதி கிடைக்காதபடியால், கூத்து பிற்பகல் மூன்று மணிக்கே தொடங்கியது. ஐந்து மணியளவில் நான் யோர்க் பிரபுவாகச் சபைக்கு வந்து சிம்மாசனக் கதிரையில் கை வைத்தேன். அதன் பிறகு கையை எடுக்க மனம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். மத்தளக்காரர் அதே தாளத்தை மூன்று தரம் திருப்பி அடித்தார். அதன் பிறகு மில்ரன் கிட்ட வந்து மெதுவாக, “அண்ணை, எழும்புங்கோ. சனம் பாக்குது” என்றான்.

“நான் செத்தவன். செத்தவனை எழுப்பேலாது” என்றேன்.

அதன் பிறகு அவன் என் கையைப் பிடித்தான். நான் அவன் தலையிலிருந்த ராச முடியைப் பறித்தேன். தகர விளிம்பு அவன் நெற்றியைக் கிழித்தது. இரத்தத்தையும் கூத்து என்று நினைத்துச் சனம் கைதட்டியது. மில்ரன் ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு மிச்சப் பாட்டை முழுதாகப் பாடினான். ஓரிடத்திலும் சுருதி விலகவில்லை. அதன் பிறகு அண்ணாவியார் கூத்தை நிறுத்தினார். காவலுக்கு வந்த பொலிசார் என்னைக் கைது செய்தார்கள்.

இன்று காலை மில்ரன் நான்கு தையலுடன் இங்கு வந்து, தனக்கு வழக்கு வேண்டாம் என்றும், மிச்சக் கூத்து இன்று மூன்று மணிக்கு என்பதால் என்னை விடும்படியும் கேட்டான். அண்ணை வராவிட்டால் கடதாசி முடியை யாருக்குச் சூட்டுவது என்றும் கேட்டான். நான் வருவதாகச் சொன்னேன். அவனுடைய குரல் என்னுடையதைவிட நல்லது.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடைசி வசனத்தை மட்டும் வெட்டிவிடும்படி கேட்டேன். சொன்னதை வெட்ட முடியாது என்று சார்ஜன்ற் கூறினார். ஆகவே அதுவும் உட்பட எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சூ. பஸ்ரியன்