பதினேழு பல் சக்கரமும் பஞ்சம்மாள் அக்காளும்

உப்பளத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மூன்றாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் உக்கிரபாண்டி அவர்களே! முன்வரிசையிலே மீசையை நீவிக்கொண்டு, 'இவன் எப்போது முடிப்பான்' என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்ட ஊர்ப் பெரியோர்களே! உச்சி வெயிலிலே உப்பு வாரி, உள்ளங்கால் வெடித்தும் உள்ளம் வெடிக்காத தாய்மார்களே! வலையை மணலிலே போட்டுவிட்டு என் பேச்சைக் கேட்க வந்திருக்கும் கடலோடி நண்பர்களே! வாலிநோக்கத்து மண்ணை வணங்கி, உங்கள் அத்தனை பேரையும் வணங்கி, இஞ்சின் மெக்கானிக் கூத்தையா பேசுகிறேன்.

இந்தக் கூட்டத்தின் கடைசியில் ஒரு தீர்மானம் இருக்கிறது. நம் இஞ்சின் கொட்டகையில் பம்பை ஓட்டி வந்த ஆள் தூத்துக்குடியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு, இருபது வருஷமாக உப்புச் சுமக்கும் பஞ்சம்மாள் அக்காளை வைக்கலாமா, கூடாதா? நீங்கள்தான் கை தூக்கிச் சொல்ல வேண்டும். வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் நான் இங்கே ஏறி நிற்கிறேன்.

யாரது அங்கே? "பொம்பளைக்கு இஞ்சின் என்னத்துக்குய்யா?" என்கிறாரா சோணைமுத்து அண்ணன்? அண்ணே, கேள்வி நல்ல கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு எழுந்து போங்கள். நடுவில் போனால் உங்களை விடமாட்டேன்.

நம் இஞ்சினில் ஒரு சின்னப் பல்சக்கரம். பம்பில் ஒரு பெரிய பல்சக்கரம். இரண்டையும் பிணைத்து ஓடுவது செயின். சைக்கிளிலே பார்க்கிறீர்களே, அதேதான், கொஞ்சம் தடி. அந்தச் செயின் ஓடினால், கடலிலிருந்து ஓடைக்கு வரும் உப்புத் தண்ணீர் பாத்திக்கு ஏறும். அது ஓடாவிட்டால் பாத்தியிலே விளைவது உப்பா, புழுதியா?

சென்ற தை மாதம் செயின் அறுந்தது. சின்னச் சக்கரத்தின் பற்கள் தேய்ந்து, அரிவாள் மூக்காய் வளைந்து கிடந்தன. மெத்தப் படித்த மெக்கானிக்காகிய நான் என்ன செய்தேன்? புதுச் செயினை வாங்கிப் பழைய சக்கரத்திலேயே மாட்டினேன்! ஏன்? ஆயுத பூசையில் சந்தனப் பொட்டு வைத்த இரும்பை அடுத்த ஆயுத பூசைக்கு முன்னால் கழற்றக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். தலைவர் சிரிக்கிறார். தலைவரே, "கழட்டாதலே, சாமி குத்தம்" என்று சொன்னதே தாங்கள்தானே! தலையாட்டிய குற்றம் என்னுடையது. பதினெட்டே நாள். வளைந்த பல் புதுச் செயினைக் கடித்துக் குதறிவிட்டது.

பிறகு அந்த வழக்கத்தை மீறி மதுரைக்கு ஓடினேன். பன்னிரண்டு பல் சக்கரம் ஒன்றும், தொண்ணூற்றாறு கண்ணியுள்ள செயின் ஒன்றும் வாங்கி வந்தேன். சக்கரம் கைக்கு அடக்கம், கண்ணுக்கு லட்சணம். மாட்டிய மறு வாரமே, செயின் ஒரு முழுச் சுற்று வந்தால் ஒரு 'டொக்'! எண்ணெய் விட்டேன். இறுக்கினேன். தளர்த்தினேன். திருச்செந்தூருக்கு மொட்டை கூட நேர்ந்துகொண்டேன். நிற்கவில்லை ஐயா, அந்தச் சத்தம் நிற்கவில்லை! பாதி நாள் ஓட்டம், பாதி நாள் நிறுத்தம். பங்குனி வெயில் பாழாய்ப் போனது. பாத்தி வெடித்தது. நம் பெண்கள் வேலையில்லாமல் கரையிலே குந்தியிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அப்போதுதான் கொட்டகை வாசலில் வந்து நின்றார் பஞ்சம்மாள் அக்காள்.

"ஏன் தம்பி, ஒரே பல்லுதான் அடி வாங்குது. தெரியலையா ஒனக்கு?"

"அக்கா, இது மெசினு. நீங்க அங்கன போயி ஒக்காருங்க" என்றேன். அந்தத் திமிரை இன்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

அக்காள் போகவில்லை. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்தார். ஆட்டம் கண்டிருந்த ஒரு கண்ணியிலே ஒரு பொட்டு. அது உட்கார்ந்திருந்த பல்லிலே ஒரு பொட்டு. "இப்பக் கையால மெல்லச் சுத்து" என்றார். சுற்றினேன். செயின் முழுச் சுற்று வந்தது. வெள்ளைக் கண்ணி வெள்ளைப் பல்லிலேயே வந்து உட்கார்ந்தது! மறுபடி சுற்றினேன். மறுபடியும் அதே பல்! தொண்ணூற்றாறு பன்னிரண்டால் மிச்சமில்லாமல் வகுபடுகிறது அல்லவா? கெட்டுப்போன கண்ணி ஒரே பல்லைத்தான் ஆயிரம் தடவையும் அடிக்கும்.

அக்காள் கேட்டார்: "பாத்தித் தரை இறுக மிதிக்கயில நாங்க என்ன செய்வோம்? கனத்த காலு ஒரே எடத்துல விழுந்தா அங்கன குழி விழுந்துரும். அதான் சுத்துக்குச் சுத்து ஆளு எடம் மாறி மிதிக்கிறோம். இந்தக் கண்ணி மட்டும் ஏன் மாறாம மிதிக்குது?"

தாய்மார்களே! பள்ளிக்கூடம் கண்டதா அந்தக் கேள்வி? பட்டணம் கண்டதா? பாத்தியிலே பிறந்தது! பாதத்திலே பிறந்தது! பாடுபட்ட பாதத்திலே பிறந்தது! கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

மறுநாள் அக்காளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தொண்ணூற்றாறை மிச்சமில்லாமல் வகுக்காத பல் எண்ணிக்கையில் சக்கரம் கேட்டோம். மதுரைக் கடைக்காரர், "பன்னெண்டு பல்லே போதும்மா, எல்லாரும் அதத்தான் வாங்குறாக" என்றார்.

"எல்லாரும் உப்புத் தண்ணியிலயா நிக்கிறாக?" என்றார் அக்காள்.

கடைக்காரர் அலமாரியைத் துழாவினார். பதினேழு பல் சக்கரங்கள் இரண்டை எடுத்து வைத்தார். நான் தரையிலே சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். தொண்ணூற்றாறைப் பதினேழு பதினேழாகப் பிரித்தால் பதினொன்று மிச்சம். "மிச்சம் நிக்கிதுல்ல? அப்ப மாறி மாறித்தான் மிதிக்கும்" என்றார் அக்காள். ஆமாம் ஐயா! ஒரு கண்ணி பதினேழு பல்லையும் பார்த்துவிட்டுத்தான் பழைய பல்லுக்குத் திரும்பும். பல் கூடினால் செயின் மடங்கும் மடக்கும் குறையும், ஓட்டமும் வழவழவென்று வரும்.

இரண்டு சக்கரத்தில் எதை எடுப்பது? என் பையிலிருந்த அரத்தை எடுத்துப் பல்லிலே இழுத்தேன். முதல் சக்கரத்தில் அரம் கடித்தது. மெத்தென்ற இரும்பு, உப்புக்காற்றுக்கும் உழைப்புக்கும் தாங்காது. இரண்டாவதில் அரம் வழுக்கியது. பல்லின் முகத்தைச் சூடேற்றி உரமாக்கிய எஃகு! அதை எடுத்தோம். அதற்குத் தோதான பெரிய சக்கரம், அதே தொண்ணூற்றாறு கண்ணியில் புதுச் செயின், மூன்றையும் சேர்த்தே எடுத்தோம். சக்கரங்கள் பெரிதானதால், இஞ்சினை ஐந்து விரற்கடை பம்பை நோக்கித் தள்ளி மாட்டினோம். பொட்டு வைத்த பெரிய சக்கரத்தைக் கழற்றியபோது தலைவர் அவர்கள் பூசை வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

சித்திரை போனது, ஆவணியும் போனது. செயின் அறுந்ததா? இல்லை! பல் வளைந்ததா? இல்லை! ஒரு நாளாவது பெண்கள் கரையிலே சும்மா குந்தினார்களா? இல்லை! இல்லை! இதோ, வெளியே வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறதே, அந்தக் குவியல் என் வித்தையால் வந்ததல்ல. கொட்டகைக்குள் வராதே என்று நான் விரட்டிய ஒரு பெண்ணின் கண்ணால் வந்தது. அந்தக் கண் இனி வாசலுக்கு வெளியே நிற்கலாமா? உப்புத் தின்றவர்கள் சொல்லுங்கள்! தலைவர் அவர்களே, இப்போதே கேளுங்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்!

ஆகா! ஆகா! எத்தனை கை! சோணைமுத்து அண்ணே, ஒரு கை போதும், உங்களுக்கு ஒரு ஓட்டுத்தான். எதிர்ப்பவர்கள் யாராவது? ஒருவருமில்லை. தீர்மானம் நிறைவேறியது என்று தலைவரே கை காட்டுகிறார். பஞ்சம்மாள் அக்கா, எழுந்திருங்கள். நாளைக் காலையிலே வந்து பொறுப்பை...

என்னக்கா? "நாளைக்கு எதுக்கு தம்பி? ஓடையில தண்ணி ஏறி நிக்கிது. நீ பேசிக்கிட்டே இரு, நா போறேன்" என்கிறீர்களா?

வழி விடுங்கள் ஐயா, வழி விடுங்கள்! பெரியோர்களே, காலை மடக்குங்கள்! போகிறார் பாருங்கள், மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார். எனக்குக் கண் கலங்குகிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கு என் நன்றி. கை தூக்கிய ஒவ்வொருவருக்கும் என் வணக்கம். அதோ, இஞ்சின் கிளம்பிவிட்டது. இனி என் குரல் எடுபடாது, உட்காருகிறேன்.