மாட்டேன் மேடு

ரயிலு வாறதுக்கெல்லாம் முந்தி, நம்ம பூட்டனுக்கும் பூட்டன் காலத்துல, இந்தச் செவக்காட்டுப்பட்டியில அரியாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் ஜமீன் மாளிகைக்குக் கல்லு சுமந்து இடுப்பொடிஞ்சு கெடந்தான். கெடந்தா விடுவாகளா? வீட்டுக்கு ஒரு ஆளு வந்தே ஆகணும். கூலி கெடையாது, கஞ்சி கெடையாது. அதுக்குப் பேரு வெட்டி வேலை. அவன் படுத்தான், இவ போனா.

அந்த வருசம் ஒரே ஒரு மழை. மூணு நாளைக்குள்ள கம்பு வெதைக்கணும். விட்டா மண்ணு காஞ்சிரும், வருசம் பூரா பட்டினி. அதுக்கு முந்துன வருசம் அப்பிடித்தான் விட்டாக. அரியாயியோட கைப்புள்ள அந்தப் பஞ்சத்துல செத்துச்சு.

விடிஞ்சதும் தண்டோரா. "கல்லுச் சுமக்க வாங்க!"

அரியாயி ஜமீன் காரியக்காரர்கிட்டப் போயி, "சாமி, வெதைச்சுட்டு வாறோம்"ன்னா.

"இன்னைக்குச் சுமங்க. நாளைக்குப் பாப்போம்"ன்னாராம்.

மறுநாளும் கேட்டா. "நாளைக்குப் பாப்போம்."

மூணாம் நாளு. தலையில கல்லு. இந்த மேட்டுல ஏறுறா, காலுக்கடியில மண்ணு காஞ்சு பொருக்குத் தட்டுது. அவளுக்குக் கோவம் உச்சந்தல வரைக்கும் ஏறிருச்சு. "அட, எத்தன நாளைக்குய்யா நாளைக்கு!"ன்னு கல்லைத் தொப்புன்னு போட்டா.

"தூக்குடி!"ன்னாரு காரியக்காரர்.

"மாட்டேன்."

"தூக்குறியா, இல்லையா?"

"மாட்டேன், மாட்டேன், மாட்டேன்! ஒம்ம எசமானுக்கு மாளிகை வேணும்னா நீரு தூக்கும்!"

சாட்டை விழுந்துச்சு. "மாட்டேன்." மறுக்காவும் விழுந்துச்சு. "மாட்டேன்." பின்னால நாப்பது பேரு கல்லோட நிக்காக. கடைசியில அவ கொழுந்தன் இருளப்பன் தன் கல்லைப் போட்டான். பெறகு ஒவ்வொண்ணா, தொம்மு தொம்முன்னு எல்லாரும் போட்டாக. போட்டுட்டு நேரா காட்டுக்கு வெதைக்கப் போயிட்டாக.

அரியாயி காலை மரக்கட்டையில பூட்டி ஏழு நா வெயில்ல வச்சாகளாம். ரெண்டு வீட்டுக்குத் தீ வச்சாக. ஊரு வேலைக்கு வரல. பக்கத்து ஊருல ஆளு புடிக்கப் போனா, அங்கயும் "மாட்டேன்"னு சொன்னாகளாம். எட்டாம் நா சலிச்சுப்போயி அவளத் தொறந்து விட்டாக.

அவளால நடக்க முடியல. கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வந்தாக. வழி நெடுகக் கம்பு மொளச்சு வெரக்கட உசரம் நிக்குது. அழுவாள்னு பாத்தாக. தலையத் தூக்கிப் பாத்துட்டு, "யாருடா இது, இப்பிடி நெருக்கி வெதைச்சது?"ன்னு சத்தம் போட்டாளாம்!

இந்த மேட்டுல கெடக்குற கல்லெல்லாம் அன்னைக்குப் போட்டது. அதான் இன்னைக்கும் மொத மழைக்கு மூணு நா, நம்ம ஊருல ஒருத்தர ஒருத்தர் வேலைக்குக் கூப்புடுறதில்ல. அதான் இதுக்கு மாட்டேன் மேடுன்னு பேரு. சர்க்காரு பலகையில 'மாட்டு மேடு'ன்னு எழுதி வச்சிருக்கான். மாடு ஏதுய்யா இங்க? எத்தன தடவ சொல்லியாச்சு!