சாக்பீஸ் சிலுவை

ரிங்லெட்டிலிருந்து வரும் வழியெல்லாம் பனி. மோட்டார் சைக்கிளை மெதுவாகத்தான் ஓட்டிவந்தேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், யோகேந்திரன் சார். பாதுகாப்பு அதிகாரியாக நீங்கள் எழுதிய விபத்து அறிக்கையைப் படித்தேன். ஒரு வரி தவறு. ‘கொர்னேலியஸின் கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடம் அவனோடு வேலை செய்தவன் நான். அந்தக் கெட்ட பெயர் அவனுக்கு வரக் கூடாது.

எங்கள் தொழில் சில்லர் என்கிற கடைக் குளிர்ப்பெட்டிகளைப் பழுது பார்ப்பதும் பழையதைக் கழற்றுவதும். சில வருடங்களாக வருகிற பெட்டிகளில் இருப்பது தீப்பிடிக்கும் காஸ். அடுப்பு காஸைப் போல வாடை வராது. காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக்கொள்ளும். இங்கே குளிருக்கு எல்லோரும் ஜன்னலை அடைத்தே வைப்பார்கள். அதனால் முதலில் எல்லாவற்றையும் திறந்துவிடுவோம். நான் குழாய் மாட்டிக் காஸை வெளியே ஆளில்லாத சரிவில் விட்டு, நைட்ரஜன் அடித்துச் சுத்தம் செய்து, காஸ் இருந்தால் கத்தும் டிடெக்டரைத் தரையோடு பிடித்துப் பார்ப்பேன். அது கத்தவில்லை என்றால் கம்ப்ரஸர் மேல் சாக்பீஸால் ஒரு சிலுவை போடுவேன். காலி என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் கொர்னேலியஸ் குழாயை அறுக்கத் தீ டார்ச்சைப் பற்றவைப்பான். இந்த முறையைக் கொண்டுவந்ததே அவன்தான். சிலுவை போட்டுவிட்டு யாராவது பொய் சொல்வார்களா என்பான். இரண்டு பேரும் கோயிலுக்குப் போகிறவர்கள்.

என் மனைவி இறந்து ஆறு வருடம். மகள் ஷாரன் பினாங்கில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் வருவாள். எஸ்டேட் லயத்தில் என் பக்கத்து வீடுகளில் பங்களாதேஷ்காரர்கள். நல்ல மனிதர்கள், பாஷைதான் இல்லை. ஞாயிறு பூசை முடிந்தால் திங்கட்கிழமை கொர்னேலியஸ் வரும்வரை எனக்கு வாய் திறக்க வேலை இல்லை. தனிமை என்னை அரித்துத் தின்றது. அவனிடம்கூடச் சொன்னதில்லை.

எஸ்டேட்டின் தேநீர்க் கடையில் மூன்று பழைய கேக் சில்லர்களைக் கழற்றப் போயிருந்தோம். டூல்ஸை இறக்கும்போது சொன்னான்.

“அண்ணே, அடுத்த மாசம் நான் ஜோகூர் போறேன் லா. அங்க ஒருத்தர் வேலை தர்றேன்னாரு. தங்கச்சி வீட்டுலயே தங்கிக்கச் சொல்லிட்டா.”

“நல்லதுடா. போய்ட்டு வா.”

“வர்றதா இல்லண்ணே. இனிமே அங்கதான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. முதல் இரண்டையும் முறைப்படி காலி செய்தேன். மூன்றாவதற்குக் குழாய் மாட்டவில்லை. டிடெக்டரை அணைத்துப் பையில் போட்டேன். சிலுவை போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன்.

“காலியாண்ணே?”

“காலிடா.”

கை கழுவ வெளியே போனேன்.

அவன் கையில் ஒரு சின்னத் தீக்காயம், அவ்வளவுதான் நான் நினைத்தது. மூன்று மாதம் வேலை செய்ய முடியாது, ஜோகூர்க்காரன் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வான். கண் இரண்டும் போகும் என்று நான் கணக்குப் போடவில்லை. ஜன்னலை ஏன் சாத்தினாய் என்று கேட்பீர்கள். குளிராக இருந்தது.

அவனுடைய தங்கை ஆரோக்கியம்மாள் அழைத்துப்போக வந்தாள். “டொமினிக் அண்ணன் பாத்துக்கிறாரு” என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஏழு மாதமாக என் வீட்டில் இருக்கிறான். சோறு ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், சவரம் செய்துவிடுகிறேன். சாயங்காலமெல்லாம் பேசிக்கொண்டிருப்போம். உள்ளதைச் சொல்கிறேன், இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. ஒரே ஒரு குறை. “எங்கண்ணே தப்பு பண்ணேன்?” என்று தினமும் கேட்டு அழுகிறான். நேற்று உங்கள் அறிக்கையை வாசித்துக் காட்டச் சொன்னான். அந்த வரியைக் கேட்ட பிறகு சாப்பிடவில்லை. அதனால்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். காஸ் இருப்பது தெரிந்தே சிலுவை போட்டது டொமினிக் ஆகிய நான். கொர்னேலியஸ் மேல் எந்தத் தவறும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். அவனிடம் மட்டும் பெட்டியில் கோளாறு என்று சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு மணிக்குள் என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், சார். அங்கே ஒற்றையாக உட்கார்ந்திருப்பான். ஒரு மனிதனை அப்படித் தனியாக விட்டுவிட எனக்கு மனசு வராது.