சாவி தீர்ந்த இங்கிலீஷ்

கடலூரில் ஏறிய இரண்டு பேர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். சிதம்பரம் பஸ் செம்மங்குப்பம் தாண்டும்போது, அவர்களில் வாத்தியார் போலிருந்தவர் சொன்னார்:

"சாவி குடுக்க மறந்துட்டேன் மச்சான். மொத்த கிளாஸும் இழுக்க ஆரம்பிச்சிருச்சு."

"புள்ளைங்களுக்கு எதுக்கு சாவி?"

"கிராமபோனுக்குப்பா. ஸ்கூலைப் பாக்க ஆபீசர் வர்ற நேரம் பாத்து கரண்ட் போச்சு, டிவில பாடம் நடத்த முடியல. அந்தக் காலத்துல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க வாங்கின கிராமபோன் ஒண்ணு பீரோ மேல கெடந்துச்சு, எறக்கி வச்சேன். அது சொல்லச் சொல்ல புள்ளைங்க திருப்பிச் சொன்னாங்க. பாதியில சாவி தீந்து, 'குட்... மா...ர்...னிங்'னு அது இழுக்குது. அவுங்களும் அப்படியே இழுக்குறாங்க."

டிக்கெட் கொடுத்து முடித்த கண்டக்டரும் அங்கேயே நின்றார்.

"ஆபீசர் என்ன சொன்னாரு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அவரு அப்பதான் உள்ள வந்தாரு. பேரு கேட்டா, அதையும் இழுத்துதான் சொல்லுதுங்க. 'பிள்ளைகள் சோர்வாக உள்ளனர், காலை உணவைக் கூட்டவும்'னு எழுதிட்டுப் போயிட்டாரு."

"அப்புறம்?"

"அன்னிலேருந்து பொங்கல் ஒரு கரண்டி ஜாஸ்தி. இப்ப வேகமா பேசுங்கடான்னா ஒருத்தனும் பேச மாட்டேங்கிறான்."