கார்னி கோட்டுக்கு வந்தான்

இப்போது குத்துச்சண்டை போடுகிறவன் கைக்கு மெத்தை கட்டிக்கொள்கிறான். மணி அடித்தால் அவன் உட்கார முக்காலி. மூக்கில் ரத்தம் வந்தால் வைத்தியர் ஓடி வருகிறார். இதையும் சண்டை என்று கூட்டம் போய்ப் பார்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் நோரா சாப்பிடக் கூப்பிட்டாள். உருளைக்கிழங்கை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னிக்கு அப்பா நிறுத்தச் சொன்னாரா?"

சொன்னான் என்றேன். இந்த வயதில் எனக்கென்ன பயம்.

வெறுங்கைச் சண்டைக்கு ஒரு முறை இருந்தது. விழுந்தவனுக்கு அரை நிமிஷம். அதற்குள் தன் காலால் நடந்து மண்ணில் கீறிய கோட்டுக்கு வர வேண்டும். முடியாதென்றால் அவனுடைய துணையாள், முகம் துடைக்கிற கடற்பஞ்சை மேலே வீசுவான். சண்டை முடிந்தது. நோராவின் அப்பன் கார்னிக்குத் துணையாள் நான்.

போலீஸுக்குத் தெரியாமல் ஹட்சன் ஆற்று மணல்திட்டில் நடந்தது. நான் சண்டை போட்ட காலத்திலேயே என் வலது கை உடைந்து கோணிவிட்டது. கார்னியின் கைதான் எனக்குக் கை. மதியம் வரை நன்றாக அடித்தான். அப்புறம் விழுவதும் எழுவதும்தான். என் முழங்கால்மேல் உட்காரவைத்துத் துடைத்தேன்.

"மச்சான், அவன் ரெண்டு பேரா தெரியறான். பஞ்சை வீசிடு."

"இடது பக்கத்தானை அடி மாப்ளே. இன்னொருத்தன் தானா ஓடிடுவான்."

சிரித்துக்கொண்டே எழுந்து போனான்.

அடுத்த முறை விழுந்தபோது சிரிக்கவில்லை. "நோரா சின்னப் புள்ளடா," என்று பஞ்சுக்குக் கை நீட்டினான். நான் அதை என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். எவனாவது இரக்கப்பட்டு எடுத்து வீசிவிடக் கூடாது பாருங்கள்.

அதற்கடுத்த முறை மயங்கியே விழுந்தான். மயங்கினவனை எழுப்பக் காதைக் கடிப்பது வழக்கம். கடித்தேன். கண் திறந்தான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. முதுகில் கை வைத்தேன், அவ்வளவுதான். கோட்டுக்கு வந்தான். கை மேலே எழவில்லை. எதிராளி ஹாஸ்கெட் அடிக்காமல் என்னைப் பார்த்தான்.

"போதுமாய்யா?"

"அடி," என்றேன்.

அடித்தான். கார்னியைப் படகில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

நோரா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன்: "நிறுத்தியிருந்தா உங்கப்பனை இன்னிக்கு யாருக்குத் தெரியும்? துறைமுகத்துச் சாராயக்கடையில இன்னமும் அவன் பேரைச் சொல்றானுங்க."

"எனக்குத் தெரிஞ்சிருக்கும் மாமா."

தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். எந்தத் தெரு என்று பார்க்காமல் நடந்தேன். கார்னி செத்தபோது அவளுக்குப் பேச்சே சரியாக வராது. அவளுக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது?